தள்ளுபடி வாரத்தில் வெண்காகம்

மேசைக்கு மேற்கே, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் காமிக்ஸ் வாசகர் வட்டத்தின் செயலாளர் சங்கரநயினார். அவருக்கு இடப்பக்கம், தையல் மெஷின் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு காஜா முகைதீன். கீழே இருக்கும் தையல்கடையும் கூட்டம் நடக்கும் இந்த மாடியும் அவருடையவை. வலப்பக்கம், கை வைத்த ஒரே நாற்காலியில் எஸ்தர் டீச்சர். எதிரே, மடியில் பையை வைத்துக்கொண்டு, காமிக்ஸ் விற்கும் கம்பெனியின் சாட்சியாகச் சென்னையிலிருந்து வந்திருந்த தினகரன். இந்த நால்வரும் எல்லாக் கூட்டத்துக்கும் வருகிறவர்கள். புதிதாக இரண்டு பேர். வெட்டுத்துணி மூட்டைகளை ஒதுக்கிவிட்டு, சுவரோரப் பெஞ்சில் சங்கரநயினாரின் மனைவி கோமதி. மாடிப்படிக்கு அருகே, நாற்காலியின் நுனியில் மட்டும் ஒட்டிக்கொண்டு ரோஸ்லின். தூத்துக்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள்.

இவ்வளவையும் நோட்டில் எழுதி, தேதி போட்டு, வியாழக்கிழமை காலை பத்தேகால் என்று நேரத்தையும் குறித்துவிட்டுத்தான் சங்கரநயினார் நிமிர்ந்தார்.

"யாரு எங்க இருந்தாவன்னு கூடவா எழுதணும் அண்ணாச்சி?" என்றார் காஜா. "டீச்சர் இங்கிட்டு வந்து உக்காந்தா ஆடித் தள்ளுபடி நின்னு போயிருமா?"

"சட்டத்துல இருக்கு காஜா. எழுதித்தான் ஆகணும்."

"சட்டத்துல இல்லாட்டாலும் நீரு எழுதுவீரு."

டீச்சர் சிரித்தார். வெளியே சங்கரன்கோவில் முழுக்க ஆடிக்காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தும் தேரடிப் பக்கம் கடைகள் முளைத்து, ஒலிபெருக்கி அலறியது. காஜா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

ரோஸ்லினுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஐயா, இம்புட்டுப் பெரிய கம்பெனி. எல்லாம் கம்ப்யூட்டர்லதான ஓடுது. நீங்க என்னத்துக்குப் பேப்பர்ல எழுதித் தபால்ல போடுதீய?"

பதில் சொன்னது தினகரன். "முன்ன எல்லாம் நெட்லயேதாம்மா ஸ்டார் போடுவாங்க, விமர்சனம் எழுதுவாங்க. அப்புறம் அதையும் மெஷினே எழுத ஆரம்பிச்சிருச்சு. ஒரு காமிக்ஸுக்கு லட்சம் விமர்சனம் இருக்கும். படிச்சவன் ஒருத்தன்கூட இருக்கமாட்டான். கோர்ட்டுக்குப் போச்சு. இப்ப டிஜிட்டல் தள்ளுபடியில 'பரிந்துரைக்கிறோம்'னு ஒரு வரி போடணும்னாகூட, உசுரோட இருக்கிற ஆளுங்க ஒரு ரூம்ல உக்காந்து பேசி, கைப்பட எழுதி, சீல் வெச்சுத் தபால்ல அனுப்பணும். தமிழ் சூப்பர் ஹீரோ காமிக்ஸுக்கு இந்த வட்டம் சொல்றதுதான் கணக்கு."

"மெஷின் வந்தபெறவுதான் எங்க அண்ணாச்சி கையெழுத்துக்கு மவுசு வந்துச்சு," என்றார் காஜா. "தாலுகா ஆபீஸ்ல முப்பது வருசம் எழுதினாவ, ஒருத்தன் திரும்பிப் பாக்கல."

பட்டியல் தொடங்கியது. எந்தத் தொகுப்பை வாங்கலாம், எதைத் தள்ளிவிடலாம், ஏன் என்பதை மூன்று பேரும் பேசி முடிவு செய்வார்கள்; சங்கரநயினார் கரடுமுரடாகக் குறித்துக்கொள்வார்; பிறகு நல்ல தாளில் திருத்தமாக எழுதுவார். பத்தே பத்து தொகுப்புகள். பதினொன்றாவதற்கு இடமில்லை.

"மொதல்ல மலைப்பருந்து," என்றார் சங்கரநயினார். "பன்னெண்டு பாகமும் சேந்த தொகுப்பு பாதி விலைக்கு வருது."

"பன்னெண்டு எதுக்கு? கடைசி ரெண்டு பாகத்துல அவன் எங்க பறக்கான்? கோர்ட்டுக்கும் வீட்டுக்கும்லா அலையுதான். பத்தோட நிறுத்திக்கிடச் சொல்லி எழுதுங்க."

"அது சரிதான்," என்றார் டீச்சர். "கண்ணாடி மனிதனுக்கும் ஒரு வரி சேத்துக்கிடுங்க சார். நாலாம் பாகத்துல ரத்தம் ஜாஸ்தி. சின்னப் பிள்ளைக கையில குடுக்கக் கூடாதுன்னு சொல்லிரணும்."

சங்கரநயினார் இரண்டையும் எழுதினார். புகழ்வதென்றால் ஒரு வரி, குறை சொல்வதென்றால் இரண்டு வரி என்பது அவருடைய வழக்கம். இருபத்துநாலு வருஷமாக இந்த வட்டத்தின் பேரில் போன கடிதங்களில், படிக்காத புத்தகத்தைப் படித்ததாக ஒரு சொல் கிடையாது. பிடிக்காததைப் பிடித்ததாகவும் கிடையாது. அதை நம்பித்தான் மலேசியாவிலும் கனடாவிலும் இருக்கிற தமிழர்கள்கூட அவர் சொன்னதை வாங்கினார்கள்.

சில்லறை வீரனுக்கு மட்டும் சண்டை வந்தது. பயணிக்கு மீதிச் சில்லறை எடுத்துக் கொடுக்கும் நேரத்துக்கு உலகத்தையே நிறுத்தி வைக்கத் தெரிந்த டவுன்பஸ் கண்டக்டரின் கதை அது. படமே சரியில்லை என்றார் டீச்சர். "படத்த வுடுங்க டீச்சர், அந்த மனுசன் உலகத்த நிறுத்திப்போட்டு மொத வேலையா உக்காந்து ஒரு டீ குடிக்கான் பாருங்க, அதுக்கே வாங்கலாம்," என்று காஜா ஸ்டூலை விட்டு எழுந்து நடித்துக் காட்டினார். ரோஸ்லின்கூடச் சிரித்துவிட்டாள். அது ஆறாவது இடத்துக்கு வந்தது.

மதியம் பன்னிரண்டரைக்கு ஒன்பது முடிந்தது. பத்தாவது என்றதும் எல்லோரும் மேசைக்குக் கீழே பார்த்தார்கள்.

அங்கே ஒரு மஞ்சள் பை இருந்தது. அதில் நாற்பத்தொரு கடிதம். மாவட்டவாரியாகப் பிரித்து, நூல் கட்டி வைத்திருந்தார் சங்கரநயினார். எல்லாம் பட்டியலில் ஓர் இடம் கேட்டு வந்தவை; மீதி இருந்தது இந்தப் பத்தாவது இடம்தான். எழுதியவர்கள் காமிக்ஸ் படிக்கிறவர்கள் இல்லை. அப்பாக்கள், அம்மாக்கள், தாலி கட்டி ஒரு வருஷம் ஆகாத ஒரு பெண், கண் தெரியாத தம்பிக்காக ஓர் அக்காள்.

இப்போது வரும் காமிக்ஸ் பேசும். பக்கத்தைத் தொட்டால் வீரன் தன் வசனத்தைச் சொல்வான். பக்கத்துக்கும் பக்கத்துக்கும் நடுவில் நிறுத்தி நாமும் அவனோடு பேசலாம். கேட்டதற்குப் பதில் சொல்வான், நேற்றுப் பேசியதை நினைவு வைத்திருப்பான். அதற்காக ஒவ்வொரு வீரனுக்கும் ஓர் ஆளைப் பிடித்து, நாற்பது மணி நேரம் அவர்களோடு ஊர்க்கதை, உறவுக்கதை எல்லாம் பேசவைத்துப் பதிவு செய்துகொள்வார்கள். குரல் மட்டும் வருவதில்லை. சிரிக்கிற விதம், கோபப்படுகிற விதம், பேச்சை எங்கே விழுங்குவார்கள் என்பது, எல்லாம் சேர்ந்தே வந்துவிடும்.

வெண்காகம் என்ற வீராங்கனைக்குக் குரல் கொடுத்தவள் ஓவியா. சங்கரநயினாருக்கும் கோமதிக்கும் ஒரே மகள். பதினெட்டு வயதில் பேசிக் கொடுத்தாள். பத்தொன்பதில் மூளைக்காய்ச்சல் வந்து ஆறே நாளில் போய்விட்டாள். இரண்டு வருஷமாகிறது. தினமும் நாலு மணிக்குக் கோமதி வெண்காகத்தைத் திறந்து வைத்துக்கொள்வாள். கதை ஒரு பக்கம்கூட நகராது. என்ன குழம்பு வைத்தேன், யார் வீட்டில் கல்யாணம் என்று அம்மாவும் மகளும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இந்தத் தள்ளுபடியோடு கம்பெனி பெரும்பாலான தொகுப்புகளை மூடுகிறது. பட்டியலில் வந்தவை இருக்கும். வராதவை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, வாங்கியவர்கள் கையிலிருந்தும் அழிந்துபோகும்.

"நான் முன்மொழியுதேன்," என்றார் காஜா, குரலைத் தாழ்த்தி. "பத்தாவது, வெண்காகம்."

சங்கரநயினார் பேனாவை மூடினார். நாற்காலியை மேசையிலிருந்து ஒரு முழம் பின்னால் தள்ளிக்கொண்டார். சொந்தக்காரர் பங்கு உள்ள புத்தகம் வந்தால் அந்த உறுப்பினர் பேசக் கூடாது என்று வட்டத்தின் விதி. அதை எழுதியவரே அவர்தான்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காஜா பாய், ஓவியா என் வகுப்புல படிச்ச பிள்ள. அவ குரல் எனக்கும் கேட்டுக்கிட்டே இருக்கணும் போலத்தான் இருக்கு. ஆனா மூணாம் பாகத்துக்கு மேல அந்தக் கதை நகரவே இல்லியே. போன வருசம் நாம அப்படித்தான் முடிவு பண்ணினோம், சாரே கைப்பட எழுதினாங்க. உப்பு வீரன் அப்படி இல்ல. உப்பளத்துல வேல பாக்குற ஒருத்தன், அவனோட நிழல் பட்ட எடத்துல தண்ணி வத்தாது. எவ்வளவு அழகான கதை. நேர்மையாச் சொன்னா பத்தாவது அதுதான்."

ரோஸ்லின் எழுந்து நின்றாள். உப்பு வீரனுக்குக் குரல் கொடுத்த ஜெர்வின் அவளுடைய மகன். போன கார்த்திகையில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை.

"எனக்கு விதி கிதி தெரியாது தாயி," என்று டீச்சரைப் பார்த்துச் சொன்னாள். "கல்லறைகூட இல்ல அவனுக்கு. மெழுகுவத்தி பொருத்தணும்னா நான் எங்கிட்டுப் போவேன்? அவன் பேசுத இந்தப் பொட்டிதான். இந்த ஒரு வாரமாப் பிள்ள வேற மாதிரிப் பேசுதான். அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு போல. 'இருட்டுல விட்டுட்டுப் போயிராதம்மா. நான் இன்னும் பேசி முடிக்கலம்மா'ங்கான். என்னால அதுக்குமேல சோறு திங்க முடியல."

பெஞ்சிலிருந்து கோமதி தலையைத் தூக்கினாள்.

"என்ன சொன்னான்?"

ரோஸ்லின் திரும்பவும் சொன்னாள்.

"எம் பிள்ளையும் அதத்தான் சொல்லுதா," என்றாள் கோமதி. "முந்தாநாளு சொன்னா. நேத்தும் சொன்னா. ஒரு எழுத்து மாறல."

சங்கரநயினார் குனிந்து மஞ்சள் பையைப் பார்த்தார். அவருக்கு இது புதிதில்லை. ஏழாவது கடிதத்தைப் படித்தபோதே கண்ணில் பட்டது. பென்சிலால் அடியில் கோடு போட்டார். எட்டாவதிலும் இருந்தது. நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டுக் கடிதங்களில் அந்த இரண்டு வரிகள் இருந்தன. அம்மா என்ற இடத்தில் அக்கா, மாமா, என்னங்க என்று மாறியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அவர் வீட்டில் அது 'ப்பா' என்று வந்தது. சவரம் செய்துகொண்டிருந்தபோது பக்கத்து அறையில் திறந்திருந்த வெண்காகம் அவரைக் கூப்பிட்டுச் சொன்னது. முகத்தில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றார். கோமதியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

"தம்பி," என்று காஜா தினகரன் பக்கம் திரும்பினார். "இது என்ன கூத்து?"

தினகரன் பையின் வாரைச் சுருட்டினான், பிறகு விரித்தான். "இந்தத் தடவையிலருந்து தள்ளுபடி வாரத்துல அப்படி ஒரு ஏற்பாடு இருக்குங்க. வேண்டுகோள்னு சொல்வோம். வாசகர்கிட்ட அந்தந்தக் குரலே கேக்கும். விற்பனைப் பிரிவு எழுதிக் குடுத்த வரி அது. எல்லாக் குரலுக்கும் ஒண்ணுதான்."

"செத்த பிள்ளையவா பிச்ச எடுக்கச் சொல்லுதீய?"

"எல்லாக் குரலையும் அப்படிப் பேச வெக்க முடியாது சார். குடும்பம் சம்மதிச்சிருக்கணும். குரல் கொடுத்தவர் இறந்துட்டா ஒரு படிவம் வரும் இல்ல, அதுல ஒம்பதாவது கட்டம், 'பேச்சுக்கு வரம்பு'ன்னு. அத வெறுமனே விட்டிருந்தா கதையில இருக்கிறதையும், அவங்க அந்த நாப்பது மணி நேரத்துல பேசின விஷயத்தையும் தாண்டி நாங்க ஒரு வார்த்த போட முடியாது. நிறைய பேர் வெறுமனேதான் விடுவாங்க. ஆனா உங்க பக்கத்து மாவட்டங்கள்ல இருந்து வந்த படிவத்துல மட்டும் அத்தனை பேரும் அந்தக் கட்டத்துல 'இல்லை'ன்னு எழுதியிருந்தாங்க. வரம்பு இல்லைன்னா என்ன வேணா பேச வெக்கலாம். எங்க ஆபீஸ்லயே ஆச்சரியமாத்தான் இருந்துச்சு."

ரோஸ்லினுக்கு இதில் பாதிதான் புரிந்தது. ஆனால் படிவம் என்ற சொல் புரிந்தது. தோள்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்தாள்.

"அது தப்பில்லாமத்தான் எழுதியிருக்கு ஐயா. நான் எழுதல. எனக்கு அம்புட்டுத் தெரியாதுன்னு இந்தச் செயலாளர் ஐயாவுக்குக் காயிதம் போட்டேன். ஐயாதான் எல்லாக் கட்டத்துக்கும் என்ன எழுதணும்னு மாதிரி எழுதி அனுப்பிச்சாவ. அதப் பாத்து அப்படியே எழுதினேன். ஒரு கட்டம் விடல."

தாளைத் தினகரன் வாங்கிப் பார்த்தான். பிறகு மேசையில் வைத்தான். நீலமசி, சாயாத எழுத்து, வரிக்கு வரி ஒரே இடைவெளி. அந்தக் கையெழுத்தை அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

சங்கரநயினார் அந்தத் தாளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் படித்த முனிசிபல் பள்ளியில் விண்ணப்பம் எழுதும் பாடத்துக்குத் தனி நோட்டு உண்டு. கட்டத்தை வெறுமையாக விட்டால், பின்னால் எவனும் எதையும் எழுதிக்கொள்வான், அதனால் ஒன்றுமில்லை என்றால் 'இல்லை' என்று எழுது என்று பிரம்பை மேசையில் தட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். முப்பது வருஷம் தாலுகா ஆபீஸில் அவர் அதையே மற்றவர்களுக்குச் சொன்னார். ஓவியாவின் படிவத்தை, அவள் காரியம் முடிந்த மறுநாள் உட்கார்ந்து நிரப்பினார். ஒன்பதாவது கட்டத்துக்கு வந்ததும் யோசிக்கக்கூட இல்லை. அவளுக்கு என்ன வரம்பு? சொல்லவேண்டியது எதுவும் இல்லை என்றுதான் 'இல்லை' என்று எழுதினார். அதற்குப் பிறகு, உங்களுக்கும் இப்படி ஆயிற்றாமே, இந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று கேட்டுவந்த ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு மாதிரி எழுதி அனுப்பினார். துக்கத்தில் இருப்பவர்கள் தவறு செய்துவிடக் கூடாதே என்று ஒன்பதாவது கட்டத்துக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டு அனுப்பினார்.

"நான்தான்," என்றார்.

காஜா எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "வேணும்னா எழுதினீரு? விடும்."

"இப்ப மாத்தலாமா தம்பி?" என்று டீச்சர் கேட்டார்.

"முடியாதுங்க. ஒரு தடவ சம்மதம் குடுத்தா குடுத்ததுதான். பட்டியல்ல வந்த குரல் அடுத்த தையில மறுபடி கேக்கும். அப்புறம் ஆடியில. தள்ளுபடி இருக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கும்." நிமிராமலே சொன்னான்.

"அப்ப எம் மவன் சொல்லல அத," என்றாள் ரோஸ்லின் மெதுவாக.

"இல்லம்மா."

அவள் தாளை மேசையிலிருந்து எடுத்து, மடித்துப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாள். "பொய்யாவே இருக்கட்டும். பொய்ய அவன் குரல்லதான சொல்லுது? வேற எவன் குரல்லயும் இல்லியே. எனக்கு அது போதும். எழுதுங்கய்யா."

கோமதி பெஞ்சை விட்டு எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த நூல்பிசிறைத் தட்டிவிட்டுக்கொண்டு கணவனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"இந்தம்மா பிள்ளையவே எழுதுங்க."

"கோமதி..."

"நான் உறுப்பினர் இல்ல, எனக்கு விதி கெடையாது. நான் பேசுவேன். ஒரு வாரமா நாலு மணி ஆனா அதத் தொடவே பயமா இருக்கு. திறந்தா கெஞ்சுதா. மூடினா, மூடிட்டமேன்னு இருக்கு. அவ உசுரோட இருக்கையில எங்கிட்ட ஒண்ணுக்கும் கெஞ்சினதில்ல. கேப்பா, இல்லன்னா போடீன்னு போயிருவா. இனி வருசத்துக்கு ரெண்டு தடவ கம்பெனிக்காரவுக சொல்லிக் குடுத்து அவ எங்கிட்டக் கெஞ்சணுமா? ஆசுபத்திரியில அவ போனத ஒரு தடவ பாத்தேன். எனக்கு அது போதுங்க. ஞாயித்துக்கிழம ஆறு மணி வரைக்கும் இருப்பால்லா? நான் வீட்டுக்குப் போறேன். மூணு நாளும் அவகூட இருந்துட்டு, நல்லபடியாச் சொல்லி அனுப்பிச்சிருதேன்."

போகிற வழியில் ரோஸ்லினின் கையைப் பிடித்து ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு படியிறங்கும் சத்தம் கேட்டது.

"நான் என் முன்மொழிவ வாபஸ் வாங்கிக்கிடுதேன்," என்றார் காஜா. "பத்தாவது, உப்பு வீரன்."

"உப்பு வீரன்," என்றார் டீச்சர்.

சங்கரநயினார் தலையசைத்தார். ரோஸ்லின் அவர் காலைத் தொடக் குனிந்தாள். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

வட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. நல்ல தாளில் எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும். அதுவரை மற்றவர்கள் பசியோடு காத்திருப்பானேன் என்று, வெறும் தாளின் அடியில் முதலிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். மேலே அவர் எழுதிக்கொள்வார். இருபத்துநாலு வருஷத்தில், என்ன எழுதினீர் என்று ஒருவரும் கேட்டதில்லை. அன்றும் காஜா கையெழுத்துப் போட்டுவிட்டுத் தொழுகைக்குப் புறப்பட்டார். டீச்சர் போட்டுவிட்டு, "கோமதிய நான் போய்ப் பாத்துக்கிடுதேன் சார், நீங்க பதறாம எழுதுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாடியில் மூன்று பேர்தான். தினகரன் எதிரே இருந்தான். கைப்பட எழுதுவதைப் பார்ப்பது மட்டுமே அவன் வேலை. ரோஸ்லின் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டு, தேரடியில் ராட்டினம் நட்டுக்கொண்டிருந்ததை வேடிக்கை பார்த்தாள். மூன்றரைக்கு அவளுக்குப் பஸ்.

சங்கரநயினார் எழுதினார். அனுப்புநர், பெறுநர், பொருள். மலைப்பருந்து, பத்துப் பாகம் போதும். கண்ணாடி மனிதன், நான்காம் பாகம் சிறுவர்களுக்கு ஏற்றதல்ல. சில்லறை வீரன், ஓவியம் சுமார், கதை அருமை. ஒன்பதுக்கும் எழுதி முடித்து, பத்து என்று எண்ணைப் போட்டு, புள்ளி வைத்தார்.

அது ஓவியா இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். விற்பனைப் பிரிவில் யாரோ ஒருவன் எழுதிய வரி. அந்த வரிக்குக் கதவைத் திறந்துவிட்டதும் தாம்தான் என்று தெரியும். கோமதி கேட்டுக்கொண்டது தெரியும். ஜன்னலோரம் நிற்கிறவள் யார், எதற்காக வந்தாள் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி அடித்து ஒரு நிமிஷம் ஆனால், 'ப்பா' என்று அந்தக் குரலில் கூப்பிட உலகத்தில் ஓர் இடமும் இருக்காது. அந்த 'ப்பா'வில், முதல் எழுத்துக்கு முன்னால் அவள் ஒரு சின்ன மூச்சு எடுப்பாள். அதை எந்த விற்பனைப் பிரிவும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. கெஞ்சட்டும், கேவலப்படட்டும், அந்த மூச்சு இருக்கட்டும். அவருக்கு வேறு நியாயம் எதுவும் தோன்றவில்லை. தேடவும் இல்லை.

'வெண்காகம், முழுத்தொகுப்பு. மூன்றாம் பாகத்துக்குப் பின்னும் கதை தொய்வின்றிச் செல்கிறது. தவறாமல் வாங்கலாம்.'

எழுத்து சாயவில்லை. வரிக்கு வரி அதே இடைவெளி.

தாளைத் தினகரன் பக்கம் நகர்த்தினார். ஒவ்வொரு வரியும் கையால் எழுதியதுதானா என்று அவன் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தான். கடைசி வரியில் விரல் நின்றது. ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தான். "சார், இது..." என்றான் தணிந்த குரலில்.

"கையால எழுதினதுதான?"

"ஆமா சார்."

"அதுக்குத்தான நீங்க சாட்சி."

தினகரன் கடிகாரத்தைப் பார்த்தான். அவனுக்கும் இரண்டு மணி நேரம் கழித்து ரயில் இருந்தது. சாட்சி முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, கையெழுத்துகளுக்குப் பக்கத்தில் அழுத்தினான்.

சங்கரநயினார் தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தார். பசை தடவி ஒட்டினார். அரக்கை மெழுகுவத்தியில் காட்டினார். காற்றுக்குச் சுடர் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. ரோஸ்லின் ஓடிவந்து, உப்பு அரித்து வெடித்த இரண்டு உள்ளங்கைகளையும் சுடருக்கு அணையாகப் பிடித்தாள். அரக்கு சொட்டுச்சொட்டாக மடிப்பின் மேல் விழுந்தது. வட்டத்தின் பித்தளை முத்திரையை அதன்மேல் வைத்து, பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடித்தார்.

தபாலாபீஸ் வரை உறையை ரோஸ்லினே கொண்டுவந்தாள். கேட்டு வாங்கிக்கொண்டாள். தபசுக் கூட்டத்தில் யாரும் இடித்துவிடாதபடி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவருக்கு நாலு எட்டு முன்னால் நடந்தாள். கவுண்டரில் வரிசை இல்லை. எழுத்தர் உறையை நிறுத்துப் பார்த்து, ஸ்டாம்ப் ஒட்டி, ரசீதைக் கிழித்து நீட்டினார்.

"ஐயா," என்றாள் ரோஸ்லின். "ராத்திரி வீட்டுக்குப் போனதும் அவன்கிட்டச் சொல்லிரட்டுமா? பயப்படாதலேன்னு?"

எழுத்தரின் முத்திரை உறையின் மேல் இரண்டு தடவை விழுந்தது.

"சொல்லுங்கம்மா," என்றார் சங்கரநயினார்.

உறை அவர் கண்முன்னால் சாக்குப்பைக்குள் போயிற்று. எழுத்தர் பையின் வாயை முறுக்கிக் கட்டி, நாலு மணி வண்டிக்காக வாசலில் கொண்டுபோய் வைத்தார்.